பட்டப்பெயரைப் பிடித்துக்கொண்டு பாட்டனைத் தேடலாமா? ராமநாதபுரம் கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வீடு வீடாக வந்த படிவத்தில் ஒரு பகுதி நிறையப் பேரைத் திணறடித்தது. 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததா, இல்லையென்றால் உறவினர் யார் பெயர் இருந்தது, எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று அது கேட்டது. தாத்தாவுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், நிலப் பத்திரத்தில் ஒரு பெயர், ஊர் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. இதில் பட்டியலில் இருப்பது எது? படிவத்தை எழுதிக் கொடுத்து முடித்த பிறகும் அந்தக் கேள்வி சிலர் மனசில் தங்கிவிட்டது. நாம் யார், எந்த ஊரிலிருந்து இந்தக் கரைக்கு வந்தோம்?

உடனே பலரும் செய்வது, கைபேசியை எடுத்துப் பட்டப்பெயரைப் போட்டுத் தேடுவதுதான். பர்னாந்து என்றால் போர்ச்சுகல், மரைக்காயர் என்றால் அரேபியா, சேர்வை என்றால் சேதுபதி படை என்று மூன்று நிமிடத்தில் ஒரு பூர்வீகம் கையில் கிடைத்துவிடும். தேடலைத் தொடங்க அதைவிட மோசமான இடம் கிடையாது. நம் கரையில் பட்டப்பெயர் என்பது ஒரு குடும்பத்துக்கு எப்போதோ நடந்த ஏதோ ஒன்றின் தழும்பு: ஒரு ஞானஸ்நானம், ஒரு தொழில், ஒரு பதவி. யார் யாருக்குப் பிறந்தார்கள் என்ற விவரம் அதில் இல்லை. அது கிரயப் பத்திரத்தில், ஆலயத்து ஏட்டில், பள்ளிவாசல் தப்தரில் (பதிவேட்டில்), கோயில் வரி நோட்டில் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, படிக்கும்போது எங்கே வழுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## முதலில், எந்தப் பெயரைப் பற்றிப் பேசுகிறோம்?

'குடும்பப் பெயர்' என்று பொதுவாகச் சொன்னாலும் நம்மிடம் புழங்குவது நான்கு வெவ்வேறு சாமான்கள்.

1. இனிஷியல். இது அப்பாவின் பெயர், அவ்வளவுதான். ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். ஆகவே ஒரே இனிஷியல் இருக்கிறவர்கள் உறவினர் என்று சொல்ல முடியாது, ஒரே வம்சத்தில் அடுத்தடுத்து வந்தவர்களுக்கு வேறு வேறு இனிஷியல் இருக்கும்.

2. பட்டப்பெயர். பர்னாந்து, ரோச், மரைக்காயர், ராவுத்தர், சேர்வை, அம்பலம், தேவர், பிள்ளை போன்றவை. பரம்பரையாக வருவது போலத் தோன்றும், ஆனால் நினைத்தால் சேர்த்துக்கொள்ளவும் விடவும் முடிந்தவை.

3. வீட்டுப்பெயர். 'சுக்கான் வீடு', 'வெத்தலைக்கடை வீடு' என்கிற மாதிரி ஊர் வைத்த பெயர். எந்தச் சான்றிதழிலும் ஏறாது. ஆனால் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல திறவுகோல் இல்லை, ஏனென்றால் ஒரே ஊரில் இருபது அப்துல் காதர் இருந்தாலும் அந்த வீட்டு அப்துல் காதர் ஒருவரோ இருவரோதான்.

4. கிளை, கொத்து, கூட்டம். யாருக்கு யார் பெண் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய உண்டானவை. கொண்டையங்கோட்டை மறவரிடம் கிளை தாய்வழியாக வருகிறது. அப்பாவின் கிளை பிள்ளைக்கு வராது, அம்மாவின் கிளைதான் வரும். அதனால் கிளையை வைத்து அப்பன் வழியைத் தேடினால் வேறு குடும்பத்தின் மரத்தில் ஏறிவிடுவீர்கள்.

இப்போது ஐந்தாவதாக ஒன்றும் பிறந்துகொண்டிருக்கிறது. பாஸ்போர்ட் படிவம் குடும்பப் பெயர் என்று தனியே ஒரு கட்டம் கேட்கிறது, நாம் அப்பா பெயரை அதில் போடுகிறோம். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அந்த ஊர் அலுவலகம் அதையே குடும்பப் பெயராக எழுதிவிடுகிறது. பாட்டனின் சொந்தப் பெயர் பேரப்பிள்ளைகளின் பரம்பரைப் பெயராக ஆகிவிடுகிறது. நூறு வருஷம் கழித்து அவர்கள் பிள்ளைகள் அதற்கு 'அர்த்தம்' தேடுவார்கள். பழைய பட்டப்பெயர்கள் பலவும் இதே மாதிரிதான் பிறந்தன, அது நம் கண்முன்னால் நடக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

## பர்னாந்து எப்படி வந்தது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூக்கையூர், பாம்பன், வேர்க்கோடு பக்கத்துப் பிள்ளைகளிடம் அதிகமாகக் குழப்பம் இருப்பது இதில்தான்.

1530களில் முத்துக்குளித்துறை என்ற இந்தத் தென்கரைப் பரதவர்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வேதாளையில் அன்றைக்குப் போர்ச்சுக்கீசியர்கள் ஒரு கோட்டையே வைத்திருந்தார்கள், 1549இல் அந்தோணி கிரிமினாலி என்ற சேசு சபைக் குரு கொல்லப்பட்டது அங்கேதான். ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஒரு கிறிஸ்தவப் பெயர் வேண்டும், கூடவே ஞானத்தகப்பன் வேண்டும். ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுக்கீசியரின் பெயரோ, குருவின் பெயரோ, அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த பெயரோ புதுக் கிறிஸ்தவருக்குச் சேர்ந்தது. ஒரே நாளில் ஒரே பெயர் ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பல குடும்பங்களுக்குப் போயிருக்கலாம்.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது.

முதலாவது, மூக்கையூர் பர்னாந்துவும் தூத்துக்குடி பர்னாந்துவும் நீர்கொழும்பு பர்னாந்துவும் பெயரால் மட்டும் உறவினர் ஆக மாட்டார்கள். இலங்கையில் பெரேரா, சில்வா, பர்னாந்து என்று லட்சக்கணக்கானவர்கள் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது, அந்தப் பெயர்களின் அர்த்தம் அவர்கள் நாட்டுச் சங்கதி. போர்ச்சுக்கீசிய மொழியில் கொஸ்தா என்றால் கடற்கரை, மச்சாடு என்றால் கோடாலி, பெரைரா என்றால் பேரிக்காய் மரம், சில்வா என்றால் காடு. நம் பாட்டன் கோடாலி பிடித்தார் என்று இதிலிருந்து எடுக்கக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டப்பெயர் போர்ச்சுக்கீசியமாக இருப்பதால் உடம்பில் ஓடுவது போர்ச்சுக்கீசிய ரத்தம் என்று சிலர் பெருமையாகவும், சிலர் வசைச் சொல்லாகவும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பெயரில் ஆதாரம் இல்லை. அந்தப் பெயருக்கு முன்னால் இந்தக் கரையில் முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த எத்தனையோ தலைமுறைகள் இருக்கின்றன, அவர்களுடைய தமிழ்ப் பெயர்களை அந்த ஞானஸ்நானத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விட்டது.

சரி, பெயர் உதவாது என்றால் எது உதவும்? ஆலயத்து ஞானஸ்நான ஏடு. அதில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், அப்பா, அம்மா, ஞானப்பெற்றோர், சில இடங்களில் எந்த ஊர் என்பதும் இருக்கும். பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், பத்துப் பதினைந்து சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். 'பிலியுஸ்' என்றால் மகன், 'பிலியா' என்றால் மகள். பெயர்கள்தான் ஏமாற்றும். வீட்டில் இராயப்பன், ஏட்டில் பெத்ருஸ், பள்ளிக்கூடத்தில் பீட்டர்: மூன்றும் ஒரே ஆள். அதேபோல அருளப்பன் யோவான்னெஸ் ஆவார், சூசை யோசேபுஸ் ஆவார், சின்னப்பன் பவுலுஸ் ஆவார், யாகப்பன் யாக்கோபுஸ் ஆவார்.

இன்னொரு வசதியும் உண்டு. 1908 முதல் கத்தோலிக்கத் திருச்சபையில், ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும் அந்தத் தகவல் அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்துக்குப் போய், அங்கே அவர் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் எழுதப்பட வேண்டும் என்று விதி. மூக்கையூரில் பிறந்து தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்ட அப்பத்தாவைத் தேடுகிறவருக்கு இந்த ஓரக்குறிப்பு பெரிய வரம். பெண்களைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொல்கிற ஏடு வேறு எதுவும் நம்மிடம் கிடையாது.

ஏடு எங்கே என்று கேட்டால், முதலில் சொந்த ஊர்ப் பங்கு ஆலயத்தில் கேளுங்கள். ராமநாதபுரம் பகுதி இப்போது 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கிறது, அதற்கு முன் மதுரையோடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோவா வழி வந்த குருக்களும் ரோம் நேரடியாக அனுப்பிய குருக்களும் தென்கரையில் தனித்தனியாக இயங்கிய காலமும் உண்டு. ஆகவே ஒரு ஏட்டில் தாத்தாவின் அண்ணன் இருந்து தாத்தா இல்லாமல் போனால், பிறக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்துப் பங்கிலும் கேட்க வேண்டும்.

## மரைக்காயர், சேர்வை, அம்பலம்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மரைக்காயர் என்ற சொல்லை மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு, கப்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு சேர்ப்போரும் உண்டு, இரண்டுமே கடல் வணிகத்தைத்தான் காட்டுகின்றன. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் காலம் 17ஆம் நூற்றாண்டின் பின்பகுதி, கிழவன் சேதுபதி ஆண்ட காலம். அந்தப் புகழ் காரணமாகவே இந்தக் கரையில் 'நாங்கள் அந்த வழி' என்று சொல்லும் ஆசை இயல்பாக வரும். உண்மையாக இருக்கலாம், ஆனால் இடையில் ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாகத் தெரியாதவரை அது குடும்பத்துச் செவிவழிச் செய்தி என்றே எழுதி வைக்க வேண்டும். சேர்வை படைப்பொறுப்பிலிருந்தும் அம்பலம் ஊர்த்தலைமையிலிருந்தும் வந்த பட்டங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்கள் அவற்றைப் போட்டுக்கொள்கின்றன.

எழுத்து வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. மரைக்காயர், மரக்காயர், மரிக்கார் எல்லாம் ஒன்றுதான். பர்னாந்து, பெர்னாண்டோ, பர்னாண்டஸ் என்று ஒரே அப்பாவின் பிள்ளைகளுக்கே மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார் பள்ளிக்கூட வாத்தியார்.

## 'பேரன்' என்ற சொல்லில் இருக்கும் பொறி

பேரன் என்றால் பெயரன், பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். எல்லா மதத்துக்காரரும் இந்தக் கரையில் இந்த வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர். அதன்படி ஒரு குடும்பத்தில் முத்து, கருப்பையா, முத்து, கருப்பையா என்று மாறி மாறி வரும். இனிஷியலோடு எழுதினால் க. முத்து, மு. கருப்பையா, மறுபடி க. முத்து. ஒரு பழைய பத்திரத்தில் 'கருப்பையா குமாரன் முத்து' என்று பார்த்தால் அது உங்கள் தாத்தாவா, தாத்தாவுக்குத் தாத்தாவா?

இதோடு நம்முடைய வருஷக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பழைய கையெழுத்துக் காகிதங்களில் பலதும் தமிழ் வருஷப் பெயரை மட்டும் சொல்லும். அது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். இரண்டு தலைமுறை என்பதும் ஏறத்தாழ 50, 60 வருஷம்தான். ஆக, 'தாது வருஷம் கருப்பையா குமாரன் முத்து எழுதிக்கொடுத்தது' என்றால் அது பெரும் பஞ்சம் தொடங்கிய 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம், இரண்டு வருஷத்திலும் அந்தப் பெயரில், அந்த அப்பா பெயரோடு, அதே வீட்டில் ஒரு ஆள் இருந்திருக்கலாம். பெயரும் ஆண்டும் ஒரே தாளத்தில் சுற்றுவதால் நடுவில் இரண்டு தலைமுறையே காணாமல் போய்விடும், போனது நமக்குத் தெரியவும் தெரியாது. வம்சாவளி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

1. முத்திரைத்தாளில் இருக்கும் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1901 வரையான காலம். ராஜா தலை என்றால் அதற்குப் பிந்தியது.

2. பெண் பெயரைப் பிடியுங்கள். முத்துவின் மனைவி பெயர் எங்காவது வந்தால் அவர் எந்த முத்து என்று தெரிந்துவிடும்.

3. நான்கெல்லையைப் படியுங்கள். 'வடக்கே இன்னார் புஞ்சை' என்று இருக்கிற அந்த இன்னாரின் காலம் தெரிந்தால் பத்திரத்தின் காலம் தெரியும்.

4. பதிவான பத்திரம் என்றால் பின்பக்கம் சார்பதிவாளர் எழுதிய குறிப்பில் ஆங்கில ஆண்டு, ஆவண எண், தொகுதி எல்லாம் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மையவாடியில் (முஸ்லிம் அடக்கத்தலத்தில்) இருக்கும் மீசான் கல்லில், அதாவது கல்லறைக் கல்லில், ஹிஜ்ரி ஆண்டு இருந்தால், அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். எழுத்து அரபாக இருந்தாலும் மொழி தமிழாக இருக்கலாம், அது அரபுத்தமிழ். அரபி ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவர் சத்தமாக வாசித்தால் நமக்கே புரியும்.

## அரசு ஆவணம் எங்கே, ஏன் 1950க்கு முன் இல்லை?

பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்று தாலுகா அலுவலகத்தில் தேடப் போகிறவர்கள் ஒரு சுவரில் முட்டுவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் 19ஆம் நூற்றாண்டு நிலப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா பெயரைக் கண்டுபிடித்தேன் என்பார், நமக்கு 1950களுக்கு முன் எதுவும் வராது. தாலுகா ஊழியர் தேடிக்கொடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள், காரணம் வேறு.

ராமநாதபுரம் சீமை ஜமீனாக இருந்தது. 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை நிரந்தர ஜமீனாக ஆக்கியது. ஜமீன் அரசுக்கு ஒரு நிலையான தொகையைக் கட்டிவிடும், குடியானவரிடம் வசூலிப்பது ஜமீன் பாடு. யார் எந்தப் புஞ்சையை உழுகிறார் என்று ஆள் ஆளாக எழுதி வைக்க வேண்டிய தேவை அரசுக்கு இல்லை. ஜமீன் பட்டா கொடுத்தது, குடியானவர் முச்சிலிக்கை என்ற ஒப்புதல் சீட்டு எழுதிக் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் நிலம் ரயத்துவாரியாகி (குடியானவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறையாகி), அரசுப் பதிவேட்டில் நம் ஆட்கள் பெயர் பெயராக ஏறினார்கள். அதற்குப் பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப்பதிவு மேம்பாட்டில் அந்தப் பெயர்கள் மறுபடி எழுதப்பட்டன, எழுத்துப் பிழைகள் கணிசமாக நுழைந்ததும் அப்போதுதான்.

அதனால் 1950க்கு முன் போக வேறு வாசல்கள்:

1. சார்பதிவகம். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை எதுவானாலும் பதிவானதென்றால் அங்கே நகல் புத்தகத்தில் இருக்கும். ஜமீனா ரயத்துவாரியா என்பது இதற்குப் பிரச்சினை இல்லை. 1975க்குப் பிந்திய வில்லங்கம் (ஒரு சொத்தில் நடந்த பதிவுகளின் பட்டியல்) பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கிறது, அதற்கு முந்தியதை மனுப் போட்டுத் தேட வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் ஒரு தலைமுறையின் அண்ணன் தம்பி மொத்தமும் ஒரே காகிதத்தில் வந்துவிடும்.

2. நீதிமன்றம். பங்காளிச் சண்டை நடந்த குடும்பம் என்றால் வருத்தப்படாதீர்கள், பிராதோடு (வழக்கு மனுவோடு) வம்சாவளி அட்டவணை போட்டிருப்பார்கள். சேதுபதி குடும்பத்தின் தத்து எடுத்த வழக்கு 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, அந்தக் குடும்பத்து உறவுமுறை இவ்வளவு விவரமாகத் தெரிவதற்கு வழக்குகளும் ஒரு காரணம். சாதாரணக் குடும்பத்துக்கும் இதே கதைதான். தீர்ப்பு நகல் பழைய வக்கீல் குமாஸ்தா கட்டிக் கொடுத்த கட்டாக வீட்டுப் பரணில் கிடக்கலாம்.

3. பிறப்பு இறப்புப் பதிவு. இப்போதைய சட்டம் 1969ஆம் ஆண்டுடையது, அதற்கு முன்னாலும் கிராம முன்சீப் ஏடு வைத்திருந்தார். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவதால் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், அப்பா பெயரையும் ஊரையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகள் 1980இல் ஒழிந்தபோது ஏடுகள் எல்லாம் ஒழுங்காகக் கைமாறின என்று சொல்ல முடியாது.

4. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. இதில் பிறந்த தேதியை நம்பாதீர்கள், தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி வாத்தியார் போட்ட தேதி அது. அப்பா பெயரும் தொழிலும் ஊரும் நம்பத் தகுந்தவை.

எந்த அலுவலகம் என்பதிலும் ஒரு சிக்கல். ராமநாதபுரம் மாவட்டமே 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உண்டாக்கப்பட்டது, 1985இல் அது மூன்றாகப் பிரிந்தது. 1905ஆம் ஆண்டுக் காகிதத்துக்கு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகப் பதிவறையில் நின்றுகொண்டிருப்பதில் பயனில்லை, மதுரையிலும் சென்னை எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்க வேண்டும். நேரில் கேட்டு நகல் கிடைக்காத இடத்தில் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். 'என் வம்ச வரலாறு வேண்டும்' என்று கேட்டால் பதில் வராது. இந்த ஊர், இந்தச் சர்வே எண், இந்த ஆண்டு, இந்தப் பதிவேட்டின் இந்தப் பக்க நகல் என்று கேட்க வேண்டும்.

## கீழக்கரையில் பத்திரம் பெண்களின் கதையைச் சொல்லும்

மேலே சொன்ன பத்திரத் தேடல் எல்லாம் அப்பன் வழிக்கு. கீழக்கரையில் அதைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார், வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. ஒரு வீட்டின் மூலப்பத்திரத்திலிருந்து முன்னோக்கி வந்தால் உம்மாவிலிருந்து மகளுக்கு, அவர் மகளுக்கு என்று தாய்வழியாக ஒரு கோடு கிடைக்கும். ஆண்கள் அந்தக் கோட்டில் வருகிறவர்கள், போகிறவர்கள். கொழும்புக்கோ வேறு துறைமுகத்துக்கோ வணிகத்துக்குப் போய்விட்டவரின் பெயர் சொந்த ஊர்ச் சொத்தில் எங்குமே இல்லாமல் போகலாம்.

அதனால் தந்தைவழியைத் தேடும் கீழக்கரைக்காரர் வாப்பாவின் வீட்டில் தேடக் கூடாது, வாப்பாவைப் பெற்ற உம்மாவின் வீட்டில் தேட வேண்டும். வாப்பா பிறந்து வளர்ந்தது அங்கேதானே. ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு ஒரு வீடு, வேறு ஒரு தெரு. அவர்களை இணைப்பது ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு: மாப்பிள்ளை, அவர் தகப்பன், பெண், அவர் தகப்பன், வலி (பெண்ணின் சார்பில் நிற்கும் காப்பாளர்), சாட்சிகள், மஹர் என்று எல்லாரும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள். சாட்சிகளின் பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் மாமன் மச்சான்தான்.

## அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஏடுகள்

குலதெய்வக் கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு தலைக்கட்டாகப் பெயர் இருக்கும். ஒரு தலைக்கட்டு என்பது கல்யாணம் முடிந்து தனியாக வரி கொடுக்கும் ஒரு குடும்பம். பத்து வருஷ நோட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் யார் எப்போது தனிக்குடித்தனம் போனார், எந்தப் பங்காளி ஊரை விட்டுப் போனார், யார் இறந்து வரி மகன் பெயருக்கு மாறியது என்பதெல்லாம் தெரியும். குலதெய்வம் இப்போது இருக்கிற ஊரில் இல்லாமல் தூரத்தில் இருந்தால் குடும்பம் அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் கல்யாணம் வழியாகச் சாமி மாறிய குடும்பங்களும் உண்டு.

மொய் நோட்டைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஊர், பெயர், தொகை எழுதிய நோட்டு. தாய்மாமன் மொய் தனியாக, பங்காளி மொய் தனியாக எழுதியிருப்பார்கள். 1960களின் மொய் நோட்டு ஒன்று வீட்டில் இருந்தால் அந்தக் குடும்பத்தின் கொண்டான் கொடுத்தான் வரைபடம் முழுதும் அதில் இருக்கிறது. பரணைச் சுத்தம் செய்யும்போது முதலில் எடைக்குப் போவதும் அதுதான். உப்புக்காற்றும் கரையானும் மிச்சம் வைத்ததையாவது இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

## கடலுக்கு அந்தப் பக்கம்

தேடல் இந்தக் கரையில் திடீரென்று நின்றுபோனால் பெரும்பாலும் ஆள் இலங்கைக்குப் போயிருப்பார். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு அது ஒரு ராத்திரிப் பயணம்தான். தோட்ட வேலைக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை முடித்துத்தான் போனார்கள்.

அங்கே நடந்த குடியுரிமைச் சண்டை, எத்தனையோ குடும்பங்களை அலைக்கழித்த கொடுமை, தேடுகிறவருக்கு மட்டும் காகிதங்களை விட்டுச் சென்றிருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இலங்கைக் குடியுரிமையை நிரூபிக்க அப்பன், பாட்டன் பிறந்த இடத்தைச் சொல்ல வேண்டி வந்தது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில், பாட்டன் அங்கே பிறந்தவரானால் அவர் பெயரையும் பிறந்த ஆண்டையும் இடத்தையும் எழுத ஒரு கட்டம் இருக்கும். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியா வருவதாக முடிவானது. அப்படித் தாயகம் திரும்பியவர்களின் பயண ஆவணமும் குடும்ப அட்டையும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. இந்தியாவில் பூர்வீக ஊர் எது என்று அதில் எழுதியிருக்கும், நூறு வருஷமாக யாரும் போகாத ஒரு கிராமத்தின் பெயர் அதில் மட்டும் மிஞ்சியிருக்கும்.

தனுஷ்கோடிக் குடும்பங்களின் நிலைமை வேறு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரோடு எல்லாம் போயிற்று. அந்தக் குடும்பங்கள் தேட வேண்டியது ஊருக்கு வெளியே இருக்கும் பிரதிகளை: ராமநாதபுரம் பக்கத்துச் சார்பதிவகத்தில் பதிந்த பத்திரம், வேறு ஊர் ஆலயத்தில் நடந்த கல்யாணம், வேறு ஊரில் எழுதிய மொய்.

## செய்யக் கூடாத சில

வெளிநாட்டு வம்சாவளி இணையதளங்களுக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள். அவர்கள் 'இந்தியப் பதிவுகள்' என்று வைத்திருப்பதில் பெரும்பகுதி இங்கே வாழ்ந்த ஐரோப்பியர்களின் ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும்தான். மரபணுச் சோதனை, அதே சோதனையைச் செய்த உறவினரைக் காட்டும். பாட்டனின் பெயரைச் சொல்லாது.

பழைய பத்திரங்களில் சாதியும் தொழிலும் எழுதியிருப்பார்கள், இரண்டாம் தாரம், தத்து, கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போனவர் என்று எல்லாமே வெளியே வரும். உயிரோடு இருக்கிறவர்கள் சம்பந்தப்பட்டதை அவர்களைக் கேட்காமல் குடும்பக் குழுவில் போடாதீர்கள். அது ஒரு அத்தையின் வாழ்நாள் ரகசியமாக இருக்கலாம்.

எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு விஷயம் குறியுங்கள்: யார் சொன்னது, எந்த ஏட்டில் எந்தப் பக்கத்தில் பார்த்தது. இரண்டாவது காலியாக இருந்தால் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்.

அப்புறம், அலுவலகத்துக்குப் போகும் முன்னால் வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். 'நம்ம வம்சம் என்ன?' என்று கேட்டால் அவர் ஒரு பெருமைக் கதை சொல்வார், அவர் கேட்டதும் அதுதான். வேறு மாதிரிக் கேளுங்கள். அப்பத்தா, உன்னைச் சின்ன வயசில் ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை என்று கூப்பிட்டார்கள்? உன் கல்யாணத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து வண்டியும் வள்ளமும் வந்தது? புயலடித்த வருஷம் உன் மடியில் இருந்தது எந்தப் பிள்ளை? எந்த வீட்டுச் சாவுக்கு நமக்குத் தீட்டு, எந்த வீட்டுக்கு இல்லை?